மண்ணை வாட்டிய விஜேந்திரன்

விஜேந்திரனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் பிடித்ததுதான். சோறு தண்ணி மறந்துபோகும். இருபத்து நாலு வயதில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த சுதர்ஷினியைப் பிடித்தது. கொஸ்லந்தையில் இறங்க வேண்டியவன் இறங்காமல் மொனராகலை வரைக்கும் போய், அவள் அம்மா வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணி கேட்டான். நாற்பத்தைந்து வயதில் மண்ணைப் பிடித்தது. இரண்டுக்கும் நடுவே இருபது வருசம் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டினான்.

கொழுந்து வாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை ஸ்டோரின் மேல்மாடியில் நீள நீளமான வலைகளில் பரப்பி, கீழேயிருந்து காற்றாடியைச் சுழலவிட்டு, ஈரத்தை அளவாக இறக்க வேண்டும். அளவு சொல்ல மீட்டர் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அது வேலை செய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. விஜேந்திரனின் கைதான் மீட்டர். ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிசைந்து உள்ளங்கையை விரிப்பான். சட்டென்று பிரிந்தால் இன்னும் பச்சை. பிரியாமலே கிடந்தால் வாட்டம் மிஞ்சிவிட்டது. சோம்பல் முறிப்பதுபோல மெல்லப் பிரிந்தால், "இறக்குங்கடா!" என்று மாடி அதிரக் கத்துவான். அப்புறம்தான் கீழே மெஷின் ஓடும்.

அவன் பெண்டாட்டி சுதர்ஷினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருசம். போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தோட்டத்தில் அவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான நிலம், பிரித்துக் கொடுத்திருந்தார்கள், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை அறைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில். அதில் அவள் திரும்பி வருவதற்குள் ஒரு வீடு எழும்பியிருக்க வேண்டும்.

"சீமெந்து வீடுங்க. வெள்ளைப் பெயின்ட் அடிச்சு, கீழ டைல்ஸ் போட்டு. ஒம்பது வயசுல மொனராகலையில எங்க மண் வீட்டுச் சுவரு மழையில இடிஞ்சு என் பாய் மேலயே விழுந்துச்சு. லயமும் வேணாம், மண்ணும் வேணாம். சொன்னது மாதிரி வீடு இல்லேன்னா நான் சந்தியில இறங்கவே மாட்டேன். அதே பஸ்ஸுல நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். கொழும்பிலிருந்து மொனராகலை போகிற பஸ் தோட்டத்துச் சந்தியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இறங்காமல் இருப்பதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். விஜேந்திரன் தலையை ஆட்டினான். ஆட்டும்போது மனசாரத்தான் ஆட்டினான், அதில் பொய் கிடையாது.

மண்சரிவு அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த இடத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கருங்கல் அத்திவாரம் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. மிச்சத்துக்குச் சீமெந்து வாங்கத்தான் விஜேந்திரன் பண்டாரவளைக்கு, ஸஹாப்தீன் முதலாளியின் கடைக்குப் போனான். விதி அங்கே சாக்குப் படங்கு விரித்து, அதன்மேல் நாலு மண் குவியலோடு உட்கார்ந்திருந்தது.

அது ஸஹாப்தீனின் மகள் ஷம்ரா. மொரட்டுவையில் கட்டடக் கலை படித்துவிட்டு வந்தவள். வாப்பா சீமெந்து மூட்டை விற்கிற கடையின் முற்றத்திலேயே, மண்ணால் வீடு கட்டலாம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். முதலாளி கல்லாவில் இருந்தபடி தலையில் கை வைத்திருந்தார்.

"அண்ணே, சும்மா பாத்துட்டுப் போங்க. இந்த நாலு மண்ணுல வீடு கட்ட எது சரின்னு சொல்லுங்க பாப்போம்."

வழக்கமாக உருண்டை பிடித்துக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். சிதறினால் மணல் கூட. சப்பையாக ஒட்டிக்கொண்டால் களி கூட. லேசாக நசுங்கி ஓரம் மட்டும் வெடித்தால் சரியான மண். விஜேந்திரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பாட்டுக்கு ஒவ்வொரு குவியலிலும் ஒரு பிடி அள்ளினான், பிசைந்தான், விரித்தான். மூன்றாவது குவியலில் அவன் கை நின்றுவிட்டது. அந்த மண் உள்ளங்கையில் மெல்ல, சோம்பலாக, விரலின் ரேகையை விட மனமில்லாமல் பிரிந்தது.

"இறக்குங்கடா!" என்று கத்திவிட்டான்.

கடைக்குள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷம்ரா உருண்டைகளைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதுதான். குவியல்களை மாற்றி வைத்து, அவன் கண்ணைக் கட்டி, மறுபடியும் பார்த்தாள். அதே மண்.

"அண்ணே, நான் அஞ்சு வருசம் படிச்சேன்," என்றாள் அவள், கொஞ்சம் பொறாமையோடு.

அவ்வளவுதான், ஆள் அவுட். சீமெந்து வாங்க வந்தவன் சாயந்தரம் வரை அந்தப் படங்கிலேயே உட்கார்ந்திருந்தான். மண் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவுக் குளிருக்குத் திருப்பித் தரும் என்று ஷம்ரா சொன்னாள். செங்கல்லுக்குப்போல சூளை வேண்டாம், விறகு வேண்டாம், லொறி வேண்டாம் என்றாள். நீங்கள் சொன்னீர்களே, காணியைச் சமப்படுத்தும்போது வெட்டிப் போட்ட மேடு, அதுதான் உங்கள் வீடு, இன்னும் எழுந்து நிற்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விஜேந்திரனுக்குப் புல்லரித்தது. பஸ்ஸில் பாதித் தூரம் வந்த பிறகுதான் சுதர்ஷினி ஞாபகத்துக்கு வந்தாள்.

'கட்டி முடிச்சுக் காட்டினா அவளுக்கும் பிடிக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயத்தில் மனிதன் சொல்லிக்கொள்கிற விஷயங்கள் இப்படித்தான் இருக்கும்.

ஷம்ரா வந்து மரச் சட்டம் கொடுத்தாள். மண், மணல், பொடியாக நறுக்கிய மானாப்புல் மூன்றையும் குழைத்து மண்கல் அறுக்கச் சொல்லித்தந்தாள். போகும்போது திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னாள். கல்லை நிழலில் வைத்துச் சாக்கால் மூடிவிட வேண்டும், மூன்று வாரத்துக்குச் சும்மா விட வேண்டும், எதுவும் செய்யக் கூடாது.

எதுவும் செய்யாமல் இருப்பது விஜேந்திரனுக்கு வருமா? ஈரமான ஒன்று கண் முன்னால் கிடக்கிறது, இவன் சும்மா இருப்பதா! 'அந்தப் புள்ள படிச்ச புள்ளதான், ஆனா வாட்டத் தெரியல' என்று முடிவு கட்டினான். ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய வலையை வாங்கி வந்து மூங்கில் காலில் கட்டினான். முதல் தடவை அறுத்த நூற்றிருபது கல்லையும் அதன்மேல் பரப்பினான். அப்புறம் காற்றாடிக்கு அலைந்தான். இந்தக் குளிரில் காற்றாடி வைத்திருக்கிறவன் எவன்? ஆனாலும் நாலு தேறியது. கோயிலில் ஒன்று, கல்யாண வாடகைக்காரரிடம் ஒன்று, பெரகல சலூனில் ஒன்று, நாலாவது பக்கத்து லயத்தில் தலைப்பாகை போட்டதுபோலத் துணி சுற்றிப் பரணில் கிடந்தது. நாலையும் வலைக்குக் கீழே படுக்க வைத்துச் சுழலவிட்டான். மணிக்கொரு தடவை கல்லையெல்லாம் புரட்டிப் போட்டான், கொழுந்தைப் புரட்டுகிற அதே கைப்பக்குவத்தோடு.

அவனுடைய அக்கா அங்கம்மா அடுத்த காணிக்காரி. ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி, வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்:

"ஏண்டா தம்பி, கல்லுக்கு வேர்க்குதா?"

இரண்டு நாளில் கற்கள் வெளுத்தன. விஜேந்திரன் பூரித்துப்போனான். மூன்றாம் நாள் பட்பட்டென்று சத்தம் கேட்டது. மேல்தோல் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, நூற்றிருபது கல்லும் வெடித்தன. சிலதில் விரலை விட்டு ஆட்டலாம். புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது.

ஷம்ரா வந்தாள். வலையைப் பார்த்தாள், நாலு காற்றாடியையும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் ஒரு கல் அடுக்கில் உட்கார, அது பொலபொலவென்று அவளோடு சேர்ந்து கீழே இறங்கியது. தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே... தேத்தண்ணி போட்டாவது குடிச்சிருக்கலாமே!"

விஜேந்திரன் சிரிக்கவில்லை. ஆவணி பாதி போய்விட்டது, சுதர்ஷினி தை மாசம் வருகிறாள்.

"எல்லாம் குப்பையா போச்சே மிஸ். ஒரு வார வேல."

"குப்பையா? சீமெந்துக் கல்லா இருந்தா குப்பைதான். இது மண்ணு. தண்ணி ஊத்துங்க, மறுபடி மிதிங்க, மறுபடி கல்லு. ஒரு பிடி வீண் போகாது. தப்புப் பண்ணினா மன்னிச்சுடுற சாமான் உலகத்துல இது ஒண்ணுதான்."

விஜேந்திரன் ஒரு உடைசலை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிப் பார்த்தான். பிறகு ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தான்.

இப்போது பிரச்சினை கால்கள். வெடித்த கல்லோடு வீட்டுக்கு வேண்டிய மிச்ச மண்ணையும் சேர்த்து, அவ்வளவையும் ஒருவன் மிதித்துத் தீர்க்க முடியாது. அங்கம்மா லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் வந்தார்கள், அதில் ஒருவர் தப்பு மேளத்தோடு வந்தார். எதற்குத் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. குழிக்குள் இருபது ஜோடிக் கால் இறங்கியது, தப்பு விழுந்தது. முதலில் எல்லோரும் ஒழுங்காகத்தான் மிதித்தார்கள். பிறகு அடி மாறியது. விஜேந்திரன் மாசி மாசத்துக் காமன் கூத்தில் பதினோரு வருசமாக ரதி வேஷம் கட்டுகிறவன். அவன் இடுப்பு அவன் பேச்சைக் கேட்காது. சாரத்தை ஏற்றிக் கட்டிக்கொண்டு ரதியின் அடவைப் பிடித்தான். குதிகால் இறங்க, முன்கால் தள்ள, ஒரு சுற்று. சேறு அப்படியே வெண்ணெயாகக் குழைந்தது. மற்றவர்களும் அதே அடியில் சேர்ந்துகொண்டார்கள். ஷம்ராவும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாள். அங்கம்மா சேலையைச் சொருகிக்கொண்டு குலவை போட்டாள். சேறு முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு, பிறகு யார் மூக்கு யாருடையது என்று தெரியாத அளவுக்கு ஏறியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாட்ஸ்அப் வீடியோ. சுதர்ஷினி.

வேலியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்த அங்கம்மா, ஆனந்தத்தில் நிலைமையை மறந்து பட்டனை அமுக்கி, தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்துவிட்டாள்.

"ஏங்க... என்னங்க இது கோலம்?"

"கூத்து புள்ள! காமன் கூத்து!"

"ஆவணியில ஏதுங்க காமன் கூத்து?"

தப்பு நின்றது. இருபது பேரும் சேற்றுக்குள் சிலையாக நின்றார்கள்.

"போட்டி," என்றான் விஜேந்திரன். "பதுளையில போட்டி வச்சிருக்காங்க. ஒத்திகை நடக்குது."

"சேத்துலயா?"

"புது மாதிரி."

சுதர்ஷினி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "வீட்டைக் காட்டுங்க," என்றாள்.

அவன் போனைத் திருப்பி அத்திவாரத்தைக் காட்டினான். நல்ல கருங்கல், நடுவே நல்ல சீமெந்து. அதற்கு மேலே எதுவும் எழும்பவில்லை, அதனால் வானத்தைக் காட்டினான். சிக்னல் போகிறது என்று கத்தி, போனை அணைத்தான். அன்றிலிருந்து அவன் சுவரை மட்டும் காட்டியதே இல்லை. தரையைக் காட்டினான், கதவு நிலையைக் காட்டினான், கூரைத் தகரத்தை அடியிலிருந்து காட்டினான். பொய் சொல்லி முடிக்கும்போதெல்லாம் போனைச் சட்டைப் பையில் போட்டு, வேலியின் கடைசிக் கம்பில் கொண்டுபோய் மாட்டினான். ஆனால் விடிந்ததும் மண்ணில் கை வைத்தால் எல்லாம் மறந்து சீட்டியடிக்கத் தொடங்கிவிடுவான்.

இரண்டாம் தடவை அறுத்த கற்களைச் சாக்கால் மூடினான். மூன்று வாரம் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். வாழ்க்கையில் அவன் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். புரட்டாசிக்குள் ஒண்ணேகால் அடி கனத்தில் சுவர் எழும்பி, அதற்கு மேலே அகலமான தாவாரத்தோடு கூரையும் ஏறியது. கார்த்திகையில் பதினோரு நாள் விடாமல் மழை கொட்டியது. ஒவ்வொரு காலையும் குடையோடு போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். நாலு சுவரும் நின்றன.

தை பிறந்தது. சுதர்ஷினி வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முன்சுவர் பூச்சு மட்டும் பாக்கி. ஷம்ராவும் அவனும் மண்ணும் சாணியும் சுண்ணாம்பும் சலித்த மணலும் சேர்த்து மூன்று நாளாக அதைப் பூசி, தேய்த்து, கடைசிக் கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் இன்னும் பளபளத்தது. போன் அடித்தது.

"மேடம் முன்னாடியே அனுப்பிட்டாங்க. சொல்லாம வரலாம்னு பாத்தேன். பெட்டி தூக்க முடியல. பஸ்ஸு பெரகலையில தேத்தண்ணிக்கு நிக்குது, சந்திக்கு வாங்க."

விஜேந்திரன் கையிலிருந்த சேற்றை நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மறைங்கடா!" என்று கத்தினாள் அங்கம்மா. "வெள்ளையா தெரிஞ்சா போதும். முதல்ல அவ இறங்கட்டும், உள்ள வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்!" அவள் ஓடிப்போய்க் கோயிலில் இருந்த வெள்ளைத் துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். லயத்திலிருந்து ஓடி வந்த அதே இருபது பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கூரையிலிருந்து தொங்கவிட்டு, முன்பக்கம் முழுக்க மூடினார்கள். விஜேந்திரன் ஆட்டோவில் பாய்ந்து சந்திக்குப் போனான். பஸ் வந்தது. அவன் அவளைப் பேச விடாமல், மூச்சு விடாமல், பெட்டியை இழுத்து இறக்கினான். அவளும் இறங்கினாள். மெலிந்துபோயிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. அதை மறைக்க வழி நெடுக ஒட்டுமொத்தத் தோட்டத்துச் செய்தியையும் ஒப்பித்தான்.

ஆட்டோ திரும்பியது. ஏழு பேர்ச்சஸ் காணியில் ஒரு வீடு, கூரையிலிருந்து தரை வரைக்கும் வெள்ளைத் துணி. வாசலில் கூட்டம்.

இந்த நாட்டில் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அது சாவு வீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் இருபது பேரில் ஒருவருக்கும் அது மண்டையில் ஏறவில்லை.

"ஐயோ, யாருங்க?" என்று அலறினாள் சுதர்ஷினி. "அங்கம்மா அண்ணிக்கு என்னங்க ஆச்சு? அதனாலதான் பேசிக்கிட்டே வந்தீங்களா?" ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். "அண்ணி! என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணி!"

துணிக்குப் பின்னாலிருந்து அங்கம்மா தலையை நீட்டினாள். "நான் எங்கடி போனேன்?"

சுதர்ஷினி வீல் என்று கத்தினாள். அங்கம்மாவும் பயத்தில் கத்தினாள், கையிலிருந்த முனையை விட்டாள். ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருந்த துணி மொத்தமும் சரசரவென்று கீழே வந்தது.

முன்சுவர் வெயிலில் நின்றது. செம்மண் நிறத்தில், வழுவழுவென்று, ஈரம் மினுங்க.

ஷம்ரா பூச்சுக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். விஜேந்திரன் பெட்டியை வாசலில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தான். நிறுத்தத் தெரியவில்லை.

"பொய் சொல்லிட்டேன் புள்ள. தப்புத்தான். கல்லு அத்திவாரம், தண்ணி ஏறாது. ஒண்ணேகால் அடிச் சுவரு. கார்த்திகை மழை பதினோரு நாள் அடிச்சுச்சு, அசையல. உள்ள குளிரவே குளிராது. உன் பாய் மேல விழுந்தது கம்பு நட்டு அப்பின சுவரு, இது வேற. மொனராகலைக்கு சாயந்தரம் பஸ்ஸு இருக்கு. போறேன்னா நானே ஏத்திவிடுறேன். ஆனா ஒரு தடவ உள்ள பாத்துட்டுப் போ."

சுதர்ஷினி செருப்பை வாசலில் கழற்றினாள். உள்ளே போனாள். அறை அறையாக நடக்கிற சத்தம் கேட்டது. காய்ந்த சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓங்கி ஒரு உதை விடுகிற சத்தம். "ஆ" என்று அவள் குரல். சுவர் அப்படியே நின்றது. நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். வலித்த காலைத் தூக்கியவள் தடுமாறி, விழாமல் இருக்க முன்சுவரில் கையை ஊன்றிவிட்டாள்.

கையை எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகையோடு சுவரில் பதிந்திருந்தன.

மூன்று நாள் தேய்த்த சுவர்! விஜேந்திரன் ஷம்ராவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, அதை மெழுகி விட ஓடினான்.

"கை வைக்காதீங்க."

அவன் நின்றான். அவள் அந்தக் கைத்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசமா அந்த வீட்டுப் புள்ளைங்க கை வச்ச இடத்தையெல்லாம் தொடச்சேன். ஒரு நாளைக்கு மூணு தடவ. என் கை பட்டது ஒரு கதவுல தெரிஞ்சாலும் மேடம் கூப்பிட்டுக் காட்டும். நான் அந்த வீட்ல இருந்தேங்கறதுக்கு அங்க ஒரு அடையாளம் கெடையாதுங்க."

சொல்லிவிட்டு, இடது கையையும் விரித்து, முதல் தடத்துக்குப் பக்கத்தில் வைத்து, பலமாக அழுத்தினாள். அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜேந்திரன் அழுதுகொண்டே சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

சுதர்ஷினி சேறு படிந்த கைகளைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"என்ன நிக்கிறீங்க? பெட்டிய உள்ள கொண்டு போய் வைங்க."